பாவாயி வீட்டுக்காரர்

செங்காட்டுவலசில் எழுபதடி ஆழத்தில் ஒரு கிணறு இருந்தது, அதை வெட்டியவன் சென்னியப்பன், பதினைந்து வயதில் தகப்பனோடு பாறையில் கடப்பாரை போட இறங்கியவன் தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் தனியாக இறங்கினான், எட்டுக் கோடை வெட்டினான், எட்டாவது கோடையின் கடைசியில் கன்றுக்குட்டி வால் தடிமனுக்கு ஓர் ஊற்று கசிந்தது, அதற்குமேல் அந்தப் பாறை அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் வேண்டுமென்றால் எழுபதடிக் கயிற்றையும் விட்டுத்தான் சேந்த வேண்டும், சேந்தி முடிக்கும்போது தோள் இறங்கிவிடும், அப்படியும் அடியில் கலங்கின தண்ணீர்தான்.

இருபத்து மூன்றாவது வயதில் அவனுக்குப் பாவாயியைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் புதுப்பெண் வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக் கிணற்றில் முதல் குடம் சேந்த வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பாவாயி மஞ்சள் கயிறு காயாத கழுத்தோடு வந்தாள், குனிந்து உள்ளே பார்த்தாள், கயிற்றைச் சகடையில் போட்டு இரண்டு முழம் விட்டாள், குடம் தண்ணீரில் மோதியது. தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில், கண்ணாடிபோலத் தெளிந்து, கொஞ்சம் தளும்பிக்கொண்டு நின்றது. அவள் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுக் கையாலேயே குடத்தை முக்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள், அவள் பத்தடி போனதும் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கித் தன் பழைய பள்ளத்துக்கே போய்விட்டது.

சென்னியப்பனின் ஆத்தாள் பின்னாலேயே நின்றிருந்தாள். "இனிக் கயிறு தேயாது" என்று சொல்லிவிட்டு எருமை கறக்கப் போனாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் அதைப் பற்றி முதல் நாள் பேசிய பேச்சு.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், இரண்டாவது வாரம் குடத்தோடு வந்தார்கள், மூன்றாவது வாரத்தில் பாவாயி எந்த நேரத்துக்குக் கிணற்றடிக்கு வருவாள் என்பதை வைத்துத் தங்கள் சமையலை அமைத்துக்கொண்டார்கள். அவள் நாலு எருமை கறந்து, சாணி வழித்து, கம்பு குத்தி, தோட்டத்து ஆளுக்காரர்களுக்குக் கூழ் கரைத்துவிட்டு வரும்போது பொழுது பனை உயரம் ஏறியிருக்கும். அதற்குள் கிணற்றைச் சுற்றி முப்பது குடம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வெள்ளகோவில் சந்தையில் கயிறு விற்கிறவன், செங்காட்டுவலசுக்காரர்கள் யாருமே நீளக் கயிறு வாங்குவதில்லை, எல்லாரும் நாலு முழம் போதும் என்கிறார்களே என்று விசாரித்தான், காரணம் சொன்னார்கள், அப்படியா என்று கேட்டுவிட்டு நாலு முழமாக நறுக்கி வைத்துக்கொண்டான்.

சென்னியப்பனுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. எட்டுக் கோடை. உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து எருமைத் தோலாக மாறிய எட்டுக் கோடை. அவனுக்கு ஒரு முழம் ஏறாத தண்ணீர், மூன்று நாள் முன்னால் வந்தவளுக்கு வாசல்வரை வந்து நிற்கிறது. அவள் கிணற்றடியில் நின்றால் கவலை இறைக்கிற மாடுகள் நாலடி நடந்தாலே சால் நிறைந்து வந்தது, மிளகாயும் புகையிலையும் முன்பு காணாதபடி விளைந்தன. விளைந்த ஒவ்வொரு செடியையும் பார்க்கும்போது இது என் வேர்வையில் விளையவில்லை என்று அவனுக்குத் தோன்றியது, தின்கிற சோற்றில் கல் இருப்பதுபோல அதைக் கடித்துக் கடித்தே தின்றான்.

அதைவிடப் பெரிய முள் ஒன்று இருந்தது. பாவாயி கிணற்றோடு பேசுவாள். கூட்டம் கலைந்த பிறகு, எருமைகளுக்குத் தனியாக நாற்பது குடம் சேந்துகிற நேரத்தில், சுவரில் கையூன்றிக் குனிந்து தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் அவள் முகத்துக்குக் கீழே அசையாமல் நின்று கேட்கும். நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம்கூட வரும். வீட்டில் அவளுக்கு அந்த வாய் கிடையாது. சோறு போடட்டுங்களா, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டாச்சுங்க, சரிங்க, இந்த மூன்றுக்குள் அவளுடைய ஒரு நாள் முடிந்துவிடும். கிணற்றடியிலிருந்து திரும்பி வரும்போது மட்டும் கழுவின முகமாக, பளிச்சென்று, பாரம் இறக்கி வைத்தவள்போல வருவாள்.

ஒருநாள் கேட்டே விட்டான். "ஏம்புள்ள, அதுகிட்ட என்ன பேசற?"

"என்னத்தப் பேசப் போறேனுங்க. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

"என்கூட இருக்கறப்ப சும்மாதான இருக்குது."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அன்றிலிருந்து அவன் கிணற்றை ஒரு ஆளாகவே பார்க்க ஆரம்பித்தான், தன் வீட்டெல்லைக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, தன் பெண்டாட்டி வருகிற நேரம் பார்த்து எழுந்து நிற்கிற ஓர் ஆள்.

நுணா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுப் பார்த்தான், காற்று வேறு பக்கம் அடித்தது. பிறகு ஒரு விடியற்காலையில், அவள் ஊர்ப்பெண்களோடு பருத்தி எடுக்கப் போன பிறகு, அவளுடைய சுங்கடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் கழற்றி வைத்திருந்த ரப்பர் வளையல் இரண்டை புறங்கை நோக ஏற்றிக்கொண்டு, முக்காடு போட்டபடி கிணற்றடிக்குப் போனான். அவளைப்போலவே குனிந்தான். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, "வந்துட்டேனுங்க" என்றான். எழுபதடிக்குக் கீழே தண்ணீர் ஒரு காசு அளவுக்கு மினுங்கியது, அசையவில்லை. பின்னால் செருமல் சத்தம் கேட்டுத் திரும்பினான், பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி கருப்பணன் தோளில் கலப்பையோடு நின்றிருந்தான்.

கருப்பணன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மிகுந்த மரியாதையோடு கேட்டான், "ஏனுங்க அண்ணி, அண்ணன் ஊர்ல இல்லீங்களா?"

பத்து வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சந்தையில் வளையல் கடையைத் தாண்டினால் யாராவது ஒருத்தர் சென்னியப்பன் கையைப் பிடித்து அளவு பார்ப்பார்கள். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள், கிழிந்திருந்த முந்தானையைத் தைத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தான், இதையும் போய் அதனிடம் சொல்லியிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.

அதற்கப்புறம்தான் கிழக்குக் காட்டில் இரண்டாவது கிணறு வெட்டத் தொடங்கினான். தனக்கென்று ஏறி வருகிற ஒரு கிணறு. ஊரில் கேட்டவர்களுக்கு, கூடுதல் தண்ணீர் இருந்தால் கரும்பு வைக்கலாம் என்றான். வெடி வைத்தான், மண் அள்ளினான், நாலு கோடை அந்தக் குழிக்குள்ளேயே குடியிருந்தான். அந்த நாலு கோடையில் மூன்றாவதில்தான் அவர்களுடைய நடுப்பிள்ளை, நாலு வயது வள்ளியாத்தாள், மூன்று நாள் காய்ச்சலில் போனாள். ஆள் போய்க் கூப்பிட்டபோது அவன் நாற்பதடி ஆழத்தில் பாறைத் துளையில் வெடிமருந்து கிட்டித்துக்கொண்டிருந்தான், மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாவாயி அழவில்லை. கும்பிட்டு நின்றாள், வந்தவர்களுக்குச் சோறாக்கினாள், மறுநாள் எருமை கறந்தாள். பங்காளிப் பெண்கள் கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள், சென்னியப்பனும் மனசுக்குள் அதையேதான் சொன்னான்.

அந்த வருஷம் வீட்டுக் கிணறு உப்புத் தட்டியது. மூன்று மாதம் ஊரில் யார் வீட்டிலும் பருப்பு வேகவில்லை. பாறையில் சுண்ணாம்பு கரைந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள், புளியைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்துக்கொண்டார்கள், பிறகு தண்ணீர் தானாகவே இனித்தது. அடுத்த கோடையில் வெடி ஒன்று தாமதமாக வெடித்து சென்னியப்பனின் இடதுகையில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. அப்போதும் பாவாயி அழவில்லை, துணியை நனைத்துச் சுற்றி வண்டி பூட்டச் சொன்னாள். அந்த மாதமும் தண்ணீர் கொஞ்சம் கரித்தது. இரண்டாவது கிணறு அறுபதடியில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுபோய், ஓணான்களும் கற்றாழையும் குடியேறின. அதன் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவன் ஒரு கல்லெடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போவான்.

மூன்று வருஷம் வானம் பொய்த்த காலத்தில் ஏழு ஊர் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர் என்று முறை வைத்தார்கள். பாவாயி அந்தந்த ஊர்க் கிணற்றடியில் போய் நின்றால் போதும், தண்ணீர் அங்கேயும் ஏறியது. அவள் வயிற்றில் கடைசிப் பிள்ளையோடு ஏழு ஊரும் போய் நின்றாள், திரும்பி வந்து சோறாக்கினாள், போன ஊரில் கொடுத்த கருப்பட்டியை ஆளுக்காரர்களுக்குப் பங்கிட்டாள். அந்த மூன்று வருஷத்தில் சென்னியப்பன் தன் பெயரை இழந்தான். அவன் எங்கே போனாலும், இவர்தான் பாவாயி வீட்டுக்காரர் என்றார்கள். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எட்டுக் கோடை வெட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் எரிந்துகொண்டிருந்தான்.

மின்சாரம் வந்ததும் முதல் ஆளாக மோட்டார் வைத்தான், வீட்டுச் சுவர்வரை குழாய் இழுத்தான், இனி நீ அங்கே போகவேண்டிய வேலை இல்லை என்று பாவாயியிடம் சொன்னான். சரிங்க என்றாள். கிணற்றுக்குள் திட்டின்மேல் இருந்த மோட்டார், அவள் எருமை பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகக் கடந்தாலே மூழ்கிப் புகைந்தது. மூன்றாவது தடவை எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்ட வந்த வெள்ளகோவில்காரன் பொறுமையாகச் சொன்னான், "ஒண்ணு மோட்டார மேல தூக்கி வையுங்க, இல்லாட்டி அக்காள வேற வழியா நடக்கச் சொல்லுங்க." சென்னியப்பன் மோட்டாரை மேலே தூக்கி வைத்தான். அதற்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் குனிந்து முணுமுணுப்பதைக் கேட்டான், குழாயில் நூல்போல வந்துகொண்டிருந்த தண்ணீர் கைத்தடிமனாக மாறுவதையும் பார்த்தான். குழாயை அடைக்கிற அளவுக்கு அவனுக்கு வெட்கம் கெட்டுப்போகவில்லை.

அப்படியே ஐம்பத்தைந்து வருஷம் போயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான், மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தார்கள், எருமைகள் நாலிலிருந்து ஒன்றாயின. பாவாயி எழுபத்தாறாவது வயதிலும் விடியுமுன் எழுந்தாள், அந்த ஓர் எருமைக்கு நாலு எருமைக்கான வேலையைச் செய்தாள். ஒரு காலையில் கட்டுத்தறியில் சாணி வழுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், இந்த வயசுக்கு எலும்பு இனிமேல் ஒட்டாது என்றார்கள். மகன் வந்து கூப்பிட்டான், மகள் வந்து கூப்பிட்டாள், பாவாயி வரவில்லை என்றாள். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலைப் போட்டு அதில் படுக்க வைத்தார்கள்.

சென்னியப்பன் அந்த வயதில் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டான். தலை வாரிவிடக் கற்றுக்கொண்டான், எட்டு விரலில் சிக்கெடுப்பது சிரமந்தான். துணி மாற்றினான், கால் பிடித்துவிட்டான். இதை வெளியே சொல்ல முடியாது, ஆனால் அவன் வாழ்நாளில் அந்த மாதிரி சந்தோஷமாக இருந்ததில்லை. கிணறு அங்கே, அவள் இங்கே. அதற்குக் கால் கிடையாது. இனி அவள் எது சொல்வதாக இருந்தாலும் தன்னிடந்தான் சொல்லியாக வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தான்.

பன்னிரண்டாம் நாள் கிணறு நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீர் பள்ளத்துப் பக்கம் போகாமல், இரண்டு முழ அகலத்துக்கு, மேட்டைப் பார்த்து ஏறி வீட்டுப் பக்கம் வந்தது. ஊர்க்காரர்கள் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுத் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் கால் நனைத்துப் போனார்கள். பார்வையிட வந்த விவசாய அதிகாரி ஒருவர் கசிவு என்று எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். கருப்பணன் தடி ஊன்றி வந்து நின்று அதையே பார்த்தான். "அண்ணிய விசாரிக்க வருதாட்டம் இருக்குதுங்கண்ணா" என்றான்.

சென்னியப்பன் மண்வெட்டியை எடுத்தான். கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் ஒரு கரை கட்டினான், தண்ணீர் அதைச் சுற்றி வந்தது. வேலியோரத்தில் இரண்டாவது கரை கட்டினான். வாசலுக்கு இருபதடியில் மூன்றாவது கரையை, அறுபத்தைந்து வருஷம் மடை திருப்பின கையின் அத்தனை தேர்ச்சியோடும், களிமண் குழைத்து மிதித்து இடுப்புயரத்துக்குக் கட்டினான். தண்ணீர் உடைக்கவில்லை, தள்ளவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. காலையில் போய்ப் பார்த்தாலும் நின்றது, மத்தியானம் பார்த்தாலும் நின்றது. அவன் கரைமேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, நீயா நானா என்று அதையே பார்த்தான்.

உள்ளே பாவாயி கேட்டாள், "கெணத்துல தண்ணி எப்படி இருக்குதுங்க?"

"எறங்கிப் போச்சு" என்றான். "மழை இல்ல. அடியில போயிருச்சு."

ஐம்பத்தைந்து வருஷத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினாள். "அப்படீங்களா" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் கஞ்சியை வேண்டாம் என்றாள், தண்ணீர் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், உதடு வெடித்தது. நாலாம் நாள் காலையில் தலை வாரிவிட உட்கார்ந்தவன், அவள் கண்ணிலிருந்து காதுப்பக்கமாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தான். அவள் அழுது அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளைக்கு அழாதவள், அவன் விரலுக்கு அழாதவள், ஒரு கிணறு வற்றியதென்று அழுகிறாள். சீப்பைக் கீழே வைத்தான். இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்தது மேலே வந்துவிட்டது.

"நான் செத்திருந்தா இப்படி அழுதிருப்பியா?"

பாவாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியந்தான் இருந்தது, இது இவருக்குத் தெரியாதா என்பதுபோல.

"உங்க முன்னால நான் என்னைக்குங்க அழுதிருக்கேன்? புள்ள போனப்ப அங்கதான் போய் அழுதேன். உங்க கை போனப்பவும் அங்கதான். சிரிக்கறதும் அங்கதான். நீங்க குழிக்குள்ள இருந்தீங்க. கேக்கறதுக்கு வேற ஆரு இருந்தா?"

அவ்வளவு நீளமாக அவள் அவனிடம் பேசியதில்லை. சென்னியப்பனுக்கு வேகாத பருப்பு ஞாபகம் வந்தது, மூன்று மாதம் கரித்த தண்ணீர் ஞாபகம் வந்தது, அந்தத் தண்ணீரை அவனுந்தான் குடித்திருக்கிறான், தினம் இரண்டு சொம்பு, சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டு.

எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இடுப்புயரக் கரையின் நடுவில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்றாவது வெட்டில் மடை திறந்தது. மிளகாய்ப் பாத்திக்குத் திருப்புகிறவன் எப்படிக் காலால் மண்ணை ஒதுக்கி வழி காட்டுவானோ அப்படி வழி காட்டிக்கொண்டே தண்ணீருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தான், வாசல் படியில் நின்று ஒதுங்கினான். தண்ணீர் படி ஏறியது, ஆசாரத்துக்குள் போனது, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. பாவாயி கையைத் தொங்கவிட்டாள், அது அவள் விரலுக்கு ஏறி வந்தது.

அவன் வெளியே மண்வெட்டிக் காம்பை ஊன்றிக்கொண்டு, பாத்திக்குக் காவல் நிற்பவன்போல நின்றான். உள்ளே அந்தத் தணிந்த குரல் தொடங்கியது. ஐம்பத்தைந்து வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட குரல், நாலடி எட்டி வைத்தால் கேட்டுவிடும், காற்றுகூட இந்தப் பக்கந்தான் அடித்தது. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டான். அப்படியும் கடைசியில் ஒன்றை அவள் அவனுக்கும் கேட்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"அவருக்குப் பேச வராது. நீதான் ஏறி வரணும்."

மூன்றாம் நாள் மத்தியானம் பாவாயி போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்ட யாரும் கிணற்றுக்குப் போக வேண்டியிருக்கவில்லை, கட்டிலடியிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போனபின் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று, போன தடத்தில் ஒரு வாரம் ஈரம் காயவில்லை. ஊரில் எல்லாரும் வெள்ளகோவிலுக்குப் போய் நீளக் கயிறு வாங்கி வந்தார்கள். கயிறு விற்கிறவனுடைய மகன், எத்தனை முழம் என்று கேட்காமலேயே எழுபதடி அளந்து கொடுத்துவிட்டு, அக்கா போயிட்டாங்களா என்றான்.

காரியம் முடிந்து மகனும் மகளும் புறப்பட்டுப் போன மறுநாள் காலையில், குழாய் இருக்க, சென்னியப்பன் குடத்தையும் புதுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். கயிறு கடைசி முழம்வரை இறங்கியது. அவனுக்கு முதலில் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது, யாருக்கும் ஏறவில்லை, நல்லது. இருபது நாள் அப்படியே சேந்தினான். இருபத்தோராம் நாள் குனிந்து உள்ளே பார்த்தான். காசு அளவுக்கு மினுங்கியது. தொண்டையைச் செருமினான். சேலை கட்டி நின்ற அன்றைக்குப் போலவே என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"இன்னைக்குக் கஞ்சியில உப்புக் கூடிப்போச்சு" என்றான்.

பிறகு அவள் தலையில் எடுத்த சிக்கைப் பற்றிச் சொன்னான். பிறகு கிழக்குக் காட்டுக் குழியைப் பற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதல் நாளே ஆள் வந்ததையும், இந்த ஒரு வெடி முடியட்டும் என்று தான் சொல்லி அனுப்பியதையும் சொன்னான், அதை அவன் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது வெயில் முதுகில் ஏறியிருந்தது. குடத்தை இறக்கி, நிறைத்து மேலே இழுத்துவிட்டு எட்டு விரலால் கயிற்றைச் சுருட்டினான். நனையாத கயிறு நேற்றைவிட ஒரு முழம் அதிகமாக இருந்தது.

அவள் சொல்லிவிட்டுப் போனதால்தான் ஏறுகிறது, தனக்காக ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பொறாமையாகத்தான் இருந்தது. மறுநாள் பொழுது பனை உயரம் ஏறுகிற நேரத்துக்கு, எழுபதடிக் கயிற்றில் ஒரு முழத்தை நறுக்கி வீட்டில் வைத்துவிட்டு, குடத்தோடு போனான்.